நாயுடுவுக்குக் கைதட்டு, பிள்ளைக்குப் பூசை

பாடசாலைப் பரிசளிப்பு விழா என்றால் ஒரு பேச்சாளர் இருப்பார். அவரிடம் ஒரு கதையும் இருக்கும். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, இளவயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினாராம். ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதே சைக்கிளை வாங்கினாராம். வாங்கினவர் ஏறி ஊர்வலம் போகவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டிப் பார்த்து, திரும்பப் பூட்டினாராம். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத அந்த மனிசன்தான் பிறகு மோட்டர் செய்தார், பஸ் கம்பெனி நடத்தினார், இந்தியாவின் எடிசன் என்று பெயர் எடுத்தார். கைதட்டல். பேச்சாளர் தண்ணி குடிப்பார். அதிபர் பொன்னாடை போர்த்துவார்.

அடுத்த கிழமை அதே ஊரில் ஒரு பத்தாம் வகுப்புப் பெடியன் அப்பாவின்ட தண்ணி மெசினைக் கழட்டுவான். அவனுக்கு என்ன கிடைக்கும்? பூசை.

நாங்கள் இதைக் கற்பனையில் எழுதவில்லை. எங்கட குழுவில் மூன்று பேருக்கு அந்தப் பூசை விழுந்திருக்கு. ஒருத்தனுக்கு ரேடியோ, ஒருத்தனுக்கு சைக்கிள் பிறீவீல், ஒருத்தனுக்கு மாமாவின்ட சாளி. மூன்று பேருக்கும் சொல்லப்பட்ட வசனமும் ஒன்றுதான்: "படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேலை? கராஜிலயோ நிக்கப்போறாய்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுறோம். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுறோம், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் கப்பல்துறையைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரில் கப்பல் இருக்கு. கண்டி வீதியில் பஸ்சில் போகிறவனுக்குக் கப்பல் தெரியாது, காடும் வயலும் வீடும்தான் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் முழுக்க மெசினில்தான் வாழ்க்கை. தோட்டத்துக்கு இறைக்க மெசின், வயலை உழ இரண்டு சில்லு டிராக்டர், புல்லு வெட்ட மெசின், தம்பலகாமம் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் தொழிலுக்குப் போக அவுட்போட் மோட்டர், கரண்ட் போனால் ஜெனரேட்டர், வேலைக்குப் போக ஆட்டோ. ஒரு வீட்டை எடுத்துப் பாருங்க, ஏதாவது ஒரு சின்ன எஞ்சின் வேலை செய்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அப்படியான ஊரில் எஞ்சினுக்குள்ள என்ன இருக்கு என்று தெரிந்த பிள்ளை எத்தனை? தெரியாமல் வளர்வதுதான் நல்ல வளர்ப்பு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்?

போன மாதம் நாங்கள் ஒரு மெசினைக் கழட்டினோம். ஹொண்டா ஜீஎக்ஸ் 160 வகை, 163 சீசீ, ஒற்றைச் சிலிண்டர், நான்கு அடிப்பு. உண்மையில் அது ஹொண்டா இல்லை, அதைப் பார்த்துச் செய்த சைனா மெசின். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எண்பதுகளில் ஹொண்டா கொண்டுவந்த இந்த ஜீஎக்ஸ் வரிசையை உலகமே பார்த்துச் செய்தது. அதனால்தான் இன்றைக்கு எந்தச் சந்தியிலும் அதன் ரிங்கும் கஸ்கட்டும் வாங்கலாம். ஒன்றின் சாமான் பெரும்பாலும் மற்றதுக்கும் பொருந்தும். திறந்து பார்த்து நகல் எடுத்தவன் புண்ணியத்தில் ஏழை வீட்டு மெசின் ஓடுது.

மெசின்காரர் ஒரு ஐயா. கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறார். மெசின் இழுக்க இழுக்கப் பிடிக்கவில்லை, பிடித்தாலும் வெள்ளைப் புகை, பிறகு ஒருநாள் கடகடவென்று சத்தம். கொண்டுபோன இடத்தில் கவரைக்கூடத் திறக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம்: "ஐயா, இது முடிஞ்சுது. புதுசு எடுங்க, தவணைக்குத் தாறோம்." எந்த இடம் என்பது இங்க தேவையில்லை. எல்லா ஊரிலும் அந்த இடம் இருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்துக்குக் கீழே பழைய கதவு ஒன்றைக் கல்லில் வைத்து மேசையாக்கினோம். நாலு பெடியன்கள், இரண்டு பெட்டைகள், ஒரு தூக்குச்சட்டி பிளேன்டீ.

முதலில் ஒயிலை வடித்தோம். நோய் அங்கேயே தெரிஞ்சுது. நல்ல எஞ்சின் ஒயில் விரலில் பட்டால் வழுவழுவென்று நிற்கும். இது தண்ணி மாதிரி ஓடிச்சு, மண்ணெண்ணெய் மணத்தது. இந்த மெசின்களைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிடுறது எங்கட பக்கத்துப் பழக்கம். எஞ்சின் சூடாகும் முன்னமே மண்ணெண்ணெய்க்கு மாத்தினால் அது முழுக்க ஆவியாகாது. எரியாத மிச்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் மெலியும். இந்த எஞ்சினில் ஒயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராட்டின் அடியில் ஒரு சின்ன அகப்பை மாதிரி இருக்கும், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயிலை அள்ளி அடிக்கும். அவ்வளவுதான் பாதுகாப்பு. இன்னொன்று: ராட் அலுமினியம். பெரிய எஞ்சினில் இருக்கிற மாதிரி அதுக்குள்ள தனிப் பெயரிங் இல்லை. அலுமினியம் நேராக 30 மி.மீ. உருக்குப் பின்னில் ஓடுது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டும். அந்தப் படலம் போனால் ராட் போகும்.

இந்த எஞ்சினுக்கு உள்ளே போகிற ஒயில் ஏறக்குறைய 0.6 லீட்டர். அரைப் போத்தலுக்குக் கொஞ்சம் கூட. புது மெசின் என்றால் முதல் 20 மணித்தியாலத்தில் ஒருமுறை, பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்லிப் புத்தகம் சொல்லுது. அந்தப் புத்தகம் பெட்டியோடு வரும். இங்கிலீசில் வரும். பெட்டியோடயே போகும். ஐயா மூன்று வருசமாக மாத்தவில்லை. "குறையேக்குள்ள ஊத்துவன் மகன்" என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விற்றவன் சொல்லவில்லை, திருத்தினவன் சொல்லவில்லை. அந்த அரைப் போத்தல் ஒயிலின் கதையைச் சொல்லாமல் விட்டதால்தான் இன்றைக்கு அவருக்குத் தவணைக்கு மெசின் விற்கிறார்கள்.

பிறகு கழட்டல். டாங்கி, இழுக்கிற கயிற்றுப் பெட்டி, காற்றுக் கவர், எயார் பில்டர், கார்ப்பரேட்டர், சைலன்சர். பம்பின் விசிறி கிராங்க் தண்டிலேயே புரியில் ஏறியிருக்கும், ஓட ஓட இறுகும். அதைக் கழட்டவே ஒரு மணித்தியாலம் போச்சு. பிளைவீலுக்கு வந்ததும் ஒருத்தன் சுத்தியலைத் தூக்கினான். அப்படித்தான் அவன் பார்த்து வளர்ந்திருக்கிறான். எங்களில் ஒரு தங்கச்சி கையைப் பிடித்து நிறுத்தினாள். பிளைவீலில் காந்தம் இருக்கு, அடிச்சால் வெடிக்கும், கிராங்க் முனை நசுங்கும். புல்லர் தேவை. புல்லர் இல்லை. ஒரு ஆட்டோக்கார அண்ணனிடம் இரவல் வாங்க மதியமாச்சு. சுத்தியல் அஞ்சு நிமிசம், புல்லர் மூன்று மணித்தியாலம். எங்கட கராஜ்களில் பாதி மெசினைக் கொன்றது இந்தக் கணக்குத்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மேலே ஹெட், நாலு போல்ட். புஷ் ராட் இரண்டையும் எது எங்கே இருந்தது என்று பார்த்து அட்டையில் குத்தி வைத்தோம். பக்கத்து மூடி ஆறு போல்ட். அதைத் திறக்கும் முன்னம் கிராங்க் பல்லிலும் கேம் பல்லிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் வரும்படி சுத்தி வைக்கவேணும். திறந்த பிறகு கேமை உருவினால் டப்பட் இரண்டும் பொத்தென்று விழும், அதனால் எஞ்சினைச் சரித்து வைக்கவேணும். இதெல்லாம் எங்களுக்கு முதலே தெரியுமோ? இல்லை. டப்பட் விழுந்த பிறகுதான் தெரியும். இரண்டில் எது இன்லெட், எது எக்ஸோஸ்ட் என்று கண்டுபிடிக்க, தேய்மான அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்தது.

பிஸ்டனை மேல் பக்கமாகத் தள்ளி எடுக்கவேணும். அதுக்கு முன்னம் சிலிண்டர் வாயில் படிந்த கரியைச் சுரண்டவேணும். சுரண்டாமல் தள்ளினால் ரிங் மாட்டி உடையும். இதில் நாங்கள் தப்பவில்லை, ஒரு ரிங் உடைஞ்சுது. எப்படியும் மாத்தவேண்டிய ரிங்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். மற்ற ரிங்குகள் கரியில் இறுகி, பள்ளத்தை விட்டு அசையாமல் இருந்தன. வெள்ளைப் புகையின் விளக்கம் அது. ராட்டின் பெரிய கண்ணில் கோடு கோடாகக் கீறல், பின்னில் ஒட்டிய அலுமினியம். கடகடச் சத்தத்தின் விளக்கம் அது. மற்றபடி சிலிண்டர் நல்லா இருந்தது. கிராங்க் நல்லா இருந்தது. "முடிஞ்சுது" என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட மெசினில் முடிஞ்சது ஒரு ராட்டும் ஒரு செட் ரிங்கும்.

இங்கேதான் ஒரு விசயம் நடந்தது. சிலிண்டரும் பின்னும் தேய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கண்ணால் தெரியாது. அளக்கவேணும். எங்களில் ஒருத்தன் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன். வேணியர் இடுக்கிமானி, நுண்மானித் திருகுக் கணிச்சி இரண்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவான். பூச்சிய வழு, இழிவெண்ணிக்கை எல்லாம் மனப்பாடம். அவன் வாழ்க்கையில் அந்தக் கணிச்சியால் அளந்தது ஒரு துண்டுக் கம்பியின் விட்டம், அதுவும் பரீட்சைக்கு. இரவல் கணிச்சியைக் கிராங்க் பின்னில் பூட்டி வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "இது இதுக்குத்தானாடா?"

இதுக்குத்தான். எங்கட கல்வியைப் பற்றி நாங்கள் எழுத நினைத்த கட்டுரையை அவன் இரண்டு சொல்லில் முடித்துவிட்டான்.

புத்தகத்தில் அது முசலம், மேசையில் அது பிஸ்டன். முசலம் படித்தவனுக்குப் பிஸ்டன் தெரியாது. பிஸ்டன் தெரிந்தவனை முசலம் படித்தவன் மதிக்க மாட்டான். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறையைக் கொண்டுவந்தபோது இந்த மதில் உடையும் என்று நினைத்தவர்கள் உண்டு. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பமும் என்று ஒரு பாடமே இருக்கு. பாடம் இருக்கிற இடத்தில் பட்டறை வேணும், பட்டறை இருந்தால் ஆசிரியர் வேணும், ஆசிரியர் இருந்தால் "சாமானை உடைச்சால் ஆர் கணக்குக் காட்டுறது?" என்ற பயம் இல்லாமல் இருக்கவேணும். கடைசியில் நான்கு அடிப்பை நாலு கலரில் வரைந்து நூறு மார்க் வாங்குகிற பிள்ளை, எஞ்சின் ஒன்றின் உள்ளைப் பார்க்காமலே வெளியே வருது. இன்வென்டரிப் புத்தகத்தில் எஞ்சின் பத்திரமாக இருக்கு. பூட்டின அறைக்குள்ள.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனம் மாதிரி இடங்களை நாங்கள் மதிக்கிறோம். அங்க போகிறவனுக்கு மெசின் கையில் கிடைக்குது, என்.வீ.கியூ. சான்றிதழும் கிடைக்குது. ஆனால் அங்கே போகிறவன் ஏற்கெனவே "படிப்பு ஓடாதவன்" என்று ஊரால் முத்திரை குத்தப்பட்டுத்தான் போகிறான். மருத்துவபீடத்துக்குத் தெரிவானால் சந்தியில் பதாகை. எஞ்சின் வேலையில் நாலாம் மட்டம் பாஸானால் பதாகை கட்டின கதையை யாராவது கேட்டிருக்கிறீங்களா?

வேடிக்கை என்னவென்றால், மேற்கில் இதே வேலையைப் பற்றிப் புத்தகம் எழுதினால் அது தத்துவம். ராபர்ட் பிர்சிக் 1974இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் ஜென்னையும் சேர்த்து எழுதினார். மத்தியூ குரோபோர்ட் முனைவர் பட்டத்தோடு போய் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்து, 2009இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எங்கட வாசிப்பு வட்டங்களில் இவர்களைப் பற்றி உருகி உருகிப் பேசுவாங்க. பேசி முடிந்து வெளியே வந்து, பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டால், கராஜ் பெடியனை "டேய்" என்று கூப்பிடுவாங்க.

இந்த மண்ணில் அந்தப் புத்தகங்கள் இல்லாமலே பாடம் நடந்திருக்கு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது எங்கட ஆக்கள் என்ன செய்தார்கள்? சேலைன் குழாயைக் கார்ப்பரேட்டரில் செருகி, இரண்டு சொட்டுப் பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் சாளியையும் மொறிஸ் மைனரையும் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அதுக்குப் பட்டம் குடுக்கவில்லை. கடற்பக்கம் இன்னொரு கதை: அவுட்போட் மோட்டருக்குக் குதிரைவலுக் கட்டுப்பாடு, எரிபொருளுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போகும் நேரத்துக்கும் கட்டுப்பாடு. கிடைத்த சின்ன மோட்டரை வைத்துக் குடும்பம் பார்க்கவேண்டிய நிலை. எஞ்சினைத் திறக்கத் தெரிந்தவன் அந்தக் காலத்தில் டாக்குத்தருக்கு அடுத்த ஆள்.

சண்டை முடிந்தது, அவன் திரும்பவும் கராஜ்காரன் ஆகிவிட்டான்.

பிறகு 2022 வந்தது. எரிபொருள் வரிசை, கியூஆர் கோட், டொலர் இருநூறிலிருந்து முன்னூற்று அறுபதைத் தொட்ட ரூபாய். ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ஆச்சு. எங்களுக்குப் பக்கத்தில்தான் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் இருக்கு. வெள்ளைக்காரன் கட்டினது, மிச்சம் 99. அதே வருசம் ஜனவரியில் அதை யாருக்கு எத்தனை என்று பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள்: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு, 61 கூட்டாக. அந்தக் குதங்களுக்குப் பக்கத்துச் சனம் கானோடு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இந்த அஞ்சு வருசமும் நாட்டை ஓட்டியது யார்? பழையதைக் கழட்டிப் பூட்டினவன். அவனுக்கு நன்றி சொல்லி எந்த அமைச்சர் அறிக்கை விட்டார்?

சரி, மற்றப் பக்கத்தையும் பேசவேணும். பேசாவிட்டால் எங்களைக் கராஜ்காரரின் கொடிபிடிக்கிற கூட்டம் என்று நினைப்பீங்க.

பழைய மெக்கானிக்மாரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு: மறைக்கிறது. வேலை பழக வந்த பெடியனை ஒரு வருசம் ஸ்பனர் கழுவ விடுவார்கள். டைமிங் வைக்கும் நேரம் பார்த்து "போய் டீ வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்புவார்கள். எங்களில் ஒருத்தன் அப்படி ஏழு மாதம் டீ வாங்கினான். சம்பளம் என்று ஒன்றும் இல்லை, பஸ் காசு கிடைக்கும், கிடைக்காமலும் போகும். "நாங்களும் அப்படித்தான் பழகினோம்" என்பது ஒரு நியாயமா? தொழிலை ஊர் மதிக்கவில்லை என்று குமுறுகிறவர்கள், தங்களிடம் பழக வந்தவனை மதித்தார்களா?

கழிவொயில் இன்னொரு பாவம். வடித்த ஒயில் எங்கே போகுது? மதிலோரம். வாய்க்கால். மழை பெய்தால் குடா. எந்தக் குடாவில் மீன் பிடிக்க அந்த மோட்டரைத் திருத்துறோமோ அதே குடாவுக்குள்.

அடுத்தது பெட்டைகள். அன்றைக்கு வேலை செய்த ஆறு பேரில் கை மிகச் சுத்தமாக வேலை செய்தவள், அந்தப் புல்லர் தங்கச்சி. வால்வு இடைவெளி இன்லெட் 0.15, எக்ஸோஸ்ட் 0.20 மி.மீ., பீலர் கேஜை வைத்து இழுக்கும்போது கையில் தெரியிற அந்த மெல்லிய பிடி, அது அவளுக்குத்தான் முதல்தரம் வந்தது. பின்னேரம் அவளைக் கூட்டிப்போக வந்த சித்தி, கறுத்த கையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இந்தக் கையை ஆரடி பிடிப்பான்?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பிறகுதான் சிரித்தது பிழை என்று விளங்கிச்சு. அவள் சிரிக்கவில்லை.

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுகிற வாதங்கள் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவர ஏலாது. இரண்டு மட்டும்.

ஒன்று: "தெரியாதவன் கழட்டினால் ஆபத்து." உண்மை. இந்த எஞ்சினுக்குள் கவர்னர் என்று ஒரு சின்னப் பல்லுச் சக்கரம் இருக்கு. அதன் கம்பியைப் பிழையாகப் பூட்டினால் எஞ்சின் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும், ராட் உடைந்து மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பெற்றோலும் விளையாட்டுச் சாமான் இல்லை. அதனால்தான் சொல்லித் தரவேணும் என்கிறோம். நீச்சல் ஆபத்து என்று கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் பழக்காமல் விடுவீங்களா?

இரண்டு: "இனி எல்லாம் மின்சாரம், சோலார் பம்ப். பெற்றோல் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுறீங்களே." எங்களுக்கும் எஞ்சின் புகையில் காதல் இல்லை. சோலார் வரட்டும். ஆனால் வரப்போகிற பெட்டியை யார் திறப்பது என்று இப்பவே கேட்கவேணும். கொன்றோலரைப் பிசினில் முக்கி மூடி விடுறான், பழுதானால் முழுசாக மாத்து. இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் காசு குடுத்து ஜோன் டியர் டிராக்டர் வாங்கின விவசாயிக்கே, மென்பொருள் பூட்டால் தன் டிராக்டரைத் தானே திருத்த ஏலாமல் போனது. சண்டை பிடித்து, 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்று திருத்தும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் பங்குக்கு ஒன்று போட்டது. இந்தியாவில் 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென ஒரு தளம் திறந்தார்கள், அதில் விவசாயக் கருவிகளும் அடக்கம். எங்கட பக்கத்துத் தேர்தல் மேடைகளில் உரிமை என்ற சொல் எத்தனை தரம் வருது, இந்த உரிமையை ஒருத்தர் வாயிலும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் வேணுமென்றால் அவன் ஒரு தரமாவது ஒரு மெசினைத் திறந்து பார்த்திருக்கவேணும். ஜீஎக்ஸ் 160 அதுக்கு நல்ல அரிச்சுவடி. அதில் பூட்டு இல்லை, பத்து மி.மீ., பன்னிரண்டு மி.மீ. ஸ்பனர் இருந்தால் பாதி வழி போகலாம்.

எங்களுக்கு வேண்டியது பெரிய நிதி இல்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் இரண்டு செத்த மெசின், பழைய இரும்புக்காரன் எடை போட்டுத் தருவான். ஒரு செட் ஸ்பனர், ஒரு புல்லர், ஒரு பீலர் கேஜ். பௌதிக ஆய்வுகூட அலுமாரியில் பூட்டிக் கிடக்கிற அந்தத் திருகுக் கணிச்சியின் சாவி. "உடைஞ்சால் பரவாயில்லை" என்று எழுத்தில் தரக்கூடிய ஒரு அதிபர். கடைசியில் சொன்னதுதான் கிடைக்கக் கஷ்டம். ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவரை மாதம் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, "சேர்" என்று கூப்பிட்டு, மற்ற வளவாளர்களுக்குக் குடுக்கிற அதே காசைக் குடுங்க. டீ வாங்க அனுப்பாமல் டைமிங் வைத்துக் காட்டச் சொல்லுங்க. நாயுடு கதை சொல்ல வருகிறவருக்குப் போர்த்துகிற பொன்னாடையில் ஒன்றை அவருக்கும் போர்த்துங்க.

ஐயாவின்ட மெசினுக்கு என்ன நடந்தது என்று கேட்பீங்க. புது ராட், புது ரிங், புது கஸ்கட் வாங்கினோம். பின்னில் ஒட்டிய அலுமினியத்தை மெல்லிய எமரித் தாளால் எடுத்தோம், வால்வைத் தேய்த்து இருத்தினோம், பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புஷ் ராட் பக்கம் பார்க்கும்படி இறக்கினோம். பூட்டி முடிய இருட்டிப்போச்சு. இழுத்தோம். பிடிக்கவில்லை. திரும்ப இழுத்தோம், கயிறு கையைப் பறித்துக்கொண்டு பின்னுக்கு அடிச்சுது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். அந்த இரவு எங்களில் ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்காரன் சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து மூடியைத் திரும்பத் திறந்தோம். கேம் புள்ளி ஒரு பல் தள்ளி நின்றது. டோர்ச் வெளிச்சத்தில் அவசரப்பட்டதன் பலன். ஒரு பல்லைத் திருத்தி, புது கஸ்கட் வைத்து மூடினோம், அதற்கும் கைக்காசுதான். இந்த முறை கயிற்றை ஐயாவிடமே குடுத்தோம். மூன்றாவது இழுப்பில் பிடிச்சுது.

அவர் முதலில் செய்தது மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பினதுதான். "ஐயா, பொறுங்க பொறுங்க, சூடாகட்டும்" என்று ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

இப்ப வேப்பமரத்துக்குக் கீழே ஒரு எட்டுக் குதிரைவலு அவுட்போட் மோட்டர் கிடக்கு. உப்பு பிடித்து போல்ட் எல்லாம் இறுகிப்போன நிலை, சுத்தியலால் அடித்த காயமும் இருக்கு. வருகிற போயா அன்று திறக்கிறோம். பெரிய புல்லர் வைத்திருக்கிறவர்கள் கொண்டுவாங்க. பெட்டைகளும் வாங்க. வடிக்கிற ஒயிலுக்கு மூடியுள்ள கான் ஒன்றும் தேவை.